வியட்நாம் போனவள் பூதலூரில் இருந்தாள்

தஞ்சாவூரில் ஒரு விதை கம்பெனியின் கிளை அலுவலகத்தில் எனக்கு வேலை. விதைத்தது முளைக்கவில்லை என்று விவசாயிகள் போன் செய்தால் எடுத்துப் பேச வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் விதவிதமாகத் திட்டு வாங்கினேன். அப்புறம் ஒருநாள், வியட்நாமில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்ததால், முன்கூட்டியே போய் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று ராஜினாமா கொடுத்தேன்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சுட்டேன் சார்."

"மாசக் கடைசியில திருக்கடையூர்ல எனக்கு அறுபதாம் கல்யாணம். அதுக்காவது இருந்துட்டுப் போயேன்."

"டிக்கெட் போட்டாச்சு சார்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பிரிவு உபசார விழாவில் என்னைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அதில் பாதி வியட்நாம் நெல் ரகங்கள் பற்றி.

பூதலூர் பக்கத்தில் எங்கள் கிராமம். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். எங்கள் தெருவில் ஒரு பெண் தனியாக விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை என்பதால், தெருவே வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தது. மாலை போட்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள். வேன்காரர் அவசரப்படுத்தவே எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் விமானம் கிளம்பும்வரை நிற்கிறோம் என்றார்கள்.

உள்ளே, கவுண்டரில் இருந்த பெண் என் விசாவையே வெகுநேரம் பார்த்தாள். "மேடம், இதுல உங்க பேரு இருக்க வேண்டிய இடத்துல வேற பேரு இருக்கே?"

எட்டிப் பார்த்தேன். "அது எங்க அப்பா பேருங்க. இனிஷியலை விரிச்சு எழுதுறப்ப இடம் மாறிடுச்சு போல."

"இந்த விசாப்படி பார்த்தா அவர்தான் மேடம் போகணும்."

எவ்வளவோ கெஞ்சினேன். புது விசா வாங்கித்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது என் விமானம் தலைக்கு மேலே எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் சாலையோரம் நின்று அதற்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பின்னால் போய் நின்று, "அம்மா" என்றேன்.

"சும்மா இருங்க, புள்ள போவுது" என்றாள் அம்மா, யாரோ என்று நினைத்துத் திரும்பாமலே. பிறகுதான் திரும்பினாள். அவள் போட்ட சத்தத்தில் ஒரு டாக்சிக்காரர் ஓடிவந்தார்.

ரயிலில் வரும்போது அம்மா முடிவு சொல்லிவிட்டாள். "மாலை போட்டு அனுப்புன சனத்துக்கிட்ட, பேரு மாறிப்போச்சுன்னு சொல்ல என்னால ஆவாது. நீ போயிட்ட. அவ்வளவுதான்."

அப்படியாகப் புது விசா வரும்வரை நான் நெல் மூட்டை அடுக்கிய உள் அறையில் வியட்நாமில் இருந்தேன். பகலில் ஜன்னல் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்ம வேண்டும். எதிர்வீட்டுச் சித்தி தினமும் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி விசாரிப்பார். மூன்றாம் நாள், "புள்ளைய வீடியோவுல போடுக்கா, பாக்கணும் போல இருக்கு" என்று பிடிவாதம் பிடித்தார். அம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. நல்லவேளை, என் போன் சத்தமில்லாமல் இருந்தது. எடுத்து, முடிந்தவரை மெதுவாகப் பேசினேன்.

"என்னடி, பின்னாடி நெல்லு மூட்டையால்ல இருக்கு?"

"இங்கயும் நெல்லுதான் சித்தி. எங்க பாத்தாலும் வயலுதான்."

"சாக்குல தமிழ்ல எழுதியிருக்கே!"

"நம்ம ஊருலேருந்துதான் சாக்கு வாங்குறாங்களாம்."

சித்தி பெருமூச்சு விட்டார். "பாருக்கா, நம்ம சாக்கு எங்கெல்லாம் போவுது!"

அந்த அறையில் கிடந்த எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாகிவிட்டது. ஊர் சுற்றத்தான் வேலையை விட்டேன் என்ற நினைப்பு வேறு அரித்தது. ஒரு விடியற்காலையில் முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தரங்கம்பாடிக் கடலையாவது பார்க்கலாம் என்று எண்ணம். மயிலாடுதுறையில் பஸ் மாறினேன். வயிறு பசியில் கூப்பாடு போட்டதால் வழியில் திருக்கடையூரில் இறங்கினேன். இட்லி சாப்பிடுவதற்காக முகக்கவசத்தைக் கழற்றியதுதான் தாமதம், "ஏய்!" என்று ஒரு குரல். கையில் பூக்கூடையோடு எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அக்கா. அப்போதுதான் எனக்கு மாசக் கடைசி என்று உறைத்தது.

அவர் என்னைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். அங்கே மேனேஜர் மாலையும் கழுத்துமாக, மனைவியோடு மணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஐயர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்காக வியட்நாம்லேருந்து வந்துட்டியாம்மா!"

"சார், அது வந்து..."

"யாரும் பேசாதீங்க!" என்று சொந்தபந்தங்களைப் பார்த்துச் சொன்னார். "என் கூடப்பொறந்த தம்பி, கும்பகோணத்துல இருக்கான், வேலை இருக்குன்னுட்டான். இந்தப் பொண்ணு கடல் தாண்டி வந்திருக்கு!"

எல்லோரும் வழிவிட்டார்கள். கலசத் தண்ணீர் ஊற்ற என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். நான் ஊற்றிய தண்ணீரில் பாதி ஐயர் மேல் போயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெரியவர் வியட்நாம் சாப்பாடு எப்படி என்று கேட்டார். "சோறுதாங்க" என்றேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் மேனேஜரைத் தனியாகப் பிடித்து, விசா முதல் நெல் மூட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஈர வேட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பிக்கு போன் போட்டு நல்லா திட்டிப்புட்டேன்மா. உன்னைச் சொல்லித்தான் திட்டுனேன்."

"இப்ப என்ன சார் பண்றது?"

"நீ வந்தது வந்ததுதான். இதை எம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லாத."

இரண்டு நாளில் விசா வந்தது. இந்தத் தடவை பெயரெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் அப்பாவோடு ஆட்டோவில் கிளம்பினேன். கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். "அப்பா வரலையா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வியட்நாமில் நான் இறங்கிய தெருவில் மோட்டார்சைக்கிள்கள் ஆறாக ஓடின. நின்றால்தானே கடக்க? முதல் நாள் முழுவதும் தெருவின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக நடந்தேன். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளியோ நேர் எதிரே. பைக் டாக்சியைக் கூப்பிட்டு, சைகையில் எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். ஓட்டுநர் பள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.