கிடார் பெட்டிக்குப் பவர் ஆம்ப் தேடிய மூன்று வாரம்

1. மூன்று வாரத் தவணை

2008-ல் ஒரு திங்கட்கிழமை காலை, கடை ஷட்டரை முழுசாகத் தூக்கி முடிப்பதற்குள் இளங்கோ வந்து நின்றார். கையில் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்தை ஒட்டிய தெருவில் எங்கள் ஆடியோ சர்வீஸ் கடை. நான் அங்கே ஆம்ப்ளிஃபையர் டெக்னீஷியன். டிப்ளமா முடித்து வந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கோயில் மைக் செட், சர்ச் மிக்சர், கல்யாண மண்டப ஆம்ப் என்று என் டேபிளுக்கு வராத பெட்டி இல்லை. இளங்கோ காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியன். லீவு நாட்களில் சிதம்பரத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். அவருடைய பழைய கிடார் ஆம்பை நான்தான் பார்த்துக் கொடுப்பேன். அந்த வழியில் பழக்கம்.

"சிஸ்டர், மாஸ்டரு மூணு வாரம் டைம் குடுத்துருக்காரு. சிதம்பரத்துல ஒரு காலேஜ் ஆண்டு விழா வருது. அதுல சவுண்டு சரியா வரலன்னா கிடார் பார்ட்ட தானே கீபோர்டுல வாசிச்சிக்கிறேன்னுட்டாரு."

மாஸ்டர் என்று அவர் சொன்னது குழுவை நடத்தும் கணேசமூர்த்தியை. கீபோர்டு வாசிப்பவர். சொன்னால் செய்கிற ஆள்.

"உங்க வாசிப்புல என்ன குறை?"

"வாசிப்புல ஒண்ணும் இல்லயாம். ட்ரம்முக்குள்ள ஒக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்குதுன்றாரு. நானும் கேட்டுப் பாத்தேன் சிஸ்டர். அப்படித்தான் கேக்குது."

போர்வையைப் பிரித்தார். உள்ளே காலால் மிதிக்கிற ஸ்விட்சுகள் வைத்த ஒரு பெட்டி. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மச்சான் கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் மாடலர். விதவிதமான கிடார் ஆம்புகளின் குரலைத் தானே செய்து காட்டுகிற பெட்டி. அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, தொட்டதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவரை வாசிக்கச் சொன்னேன்.

இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் கை சிலிர்க்கிறது. ஒரு ஸ்விட்சை மிதித்தால் கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம். இன்னொன்றை மிதித்தால் பெரிய வால்வு ஆம்ப் ஒன்று தொண்டை கிழியப் பாடுகிறது. அடுத்ததில் கரண்ட் இல்லாமல் வாசிக்கிற மரக் கிடார். ஏழெட்டு வருஷம் தேடிப் பார்த்தாலும் எங்கள் ஜில்லாவில் கிடைக்காத ஆம்புகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காதில் இவ்வளவு அழகாக இருப்பது மேடையில் ஏன் கெட்டுப்போகிறது? அன்றைக்கு ரிப்பேருக்கு வந்த மூன்று பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு இதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

2. இரண்டு தடவை மசாலா

அவருடைய பழைய கிடார் ஆம்பில் சொருகிப் பார்த்தபோதே பாதி விஷயம் புரிந்தது. மாடலர் தனக்குள்ளேயே ஓர் ஆம்ப், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதற்கு முன்னால் ஒரு மைக் என்று எல்லாவற்றையும் செய்து முடித்துதான் சிக்னலை வெளியே அனுப்புகிறது. அதை மறுபடியும் ஒரு கிடார் ஆம்புக்குள் விட்டால், வெந்த குழம்புக்கு இன்னொரு தடவை மசாலா போட்ட கதைதான்.

ஆகவே வேண்டியது வெறும் பவர் ஆம்ப். சிக்னலைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளுகிற வேலை மட்டும் செய்கிற பெட்டி. ஆனால் எந்தப் பவர் ஆம்ப்?

எங்கள் ஓனரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அலமாரியில் இருந்த மைக் செட் ஆம்பைக் காட்டினார். "இத எடுத்துப் போம்மா. இதுக்கு மேல அவுருக்கு என்னா வேணும்? ஜாஸ்தி யோசிக்காத."

போட்டுப் பார்த்தோம். பேச்சுக் குரலுக்கென்று செய்த ஆம்ப் அது. நடு சத்தம் மட்டும் முன்னால் வந்து நின்றது. கீழே கனம் இல்லை, மேலே வெளிச்சம் இல்லை. வாசிப்பதை நிறுத்தினால் அடியில் 'ம்ம்ம்' என்று ஹம் வேறு.

இளங்கோ பாயைப் பார்த்துச் சொன்னார், "பாய், இதுல வாசிச்சா காணாமப் போன கொழந்தையப் பத்தி அனவுன்ஸ்மென்ட் பண்ற மாதிரி இருக்குது."

பாய் சிரித்துவிட்டு, பாண்டிச்சேரியில் தனக்குத் தெரிந்த ஒரு பழைய பேண்டுக்காரருக்குப் போன் போட்டார். இரண்டு நாளில் ஒரு வால்வு பவர் ஆம்பும், பன்னிரண்டு இன்ச் கிடார் ஸ்பீக்கர் பெட்டியும் கடைக்கு வந்து இறங்கின.

3. நான் மயங்கிய ஆம்ப்

இந்த இடத்தில் நான் செய்த தப்பை மறைக்காமல் எழுத வேண்டும்.

அந்த வால்வு ஆம்பைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. படித்த காலத்தில் புத்தகப் படத்தில் பார்த்த, கண்ணாடிக் குழாய் மாதிரியான பவர் வால்வுகள் நான்கு, ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டு நிற்கின்றன. ட்ரான்ஸ்பார்மரைத் தூக்கவே ரெண்டு கை வேண்டும். கிடார் ஸ்பீக்கருக்கு விடுவதால் மாடலரில் ஸ்பீக்கர் பெட்டி செட்டிங்கை மட்டும் ஆஃப் பண்ணினேன். இளங்கோ ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்க ஒரு கார்டு அடித்தார். நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டியது.

"இதுதான் இளங்கோ. வேற எதுவும் பாக்க வேணாம்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "நல்லாத்தான் சிஸ்டர் இருக்குது. ஆனா மரக் கிடார் சத்தத்துக்குப் போனா..."

"ரிகர்சல்ல பாத்துக்கலாம்."

வாசிக்கிறவர் சொல்ல வந்ததை நான் பாதியில் வெட்டினேன். என் காதுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு சிதம்பரத்தில் ஒரு டயர் கடை மாடியில் ரிகர்சல். முதல் பாட்டில் அதிரடி கிடார். மாஸ்டரே தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெண்டாவது பாட்டில் மரக் கிடார் வேண்டும். இளங்கோ ஸ்விட்சை மிதித்தார். மரக் கிடாரின் மேல் ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டில் கண்ணாடிச் சத்தம். அதுவும் கண்ணாடியாக வரவில்லை. எந்த ஸ்விட்சை மிதித்தாலும் முடிவில் அந்த ஒரே ஆம்பின் குரல்தான் கேட்டது.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "மேடம், எங்க ப்ரோக்ராம்ல இருவது பாட்டு. இருவதும் இருவது மாதிரி. இந்த ஆம்ப் ஒரு பாட்டுக்குத்தான் வருது. மத்த பத்தொம்பதுக்கு நான் என்னா பண்றது?"

இளங்கோ கேபிளைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

4. நிறமில்லாத பெட்டி

மறுநாள் டேபிளில் உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தேன். மாடலர் இருபது ஆம்பாக மாறுகிறது. அப்படியென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் பவர் ஆம்புக்கென்று சொந்தக் குரலே இருக்கக் கூடாது. ஸ்பீக்கருக்கும் இருக்கக் கூடாது. கிடார் ஸ்பீக்கர் மேல் சத்தத்தைத் தானாகவே வெட்டிவிடும். மரக் கிடார் செத்தது அதனால்தான். அதனால் பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் முழுசாகக் கொடுக்கிற, ஹார்ன் வைத்த மேடை ஸ்பீக்கர் வேண்டும். மாடலரில் நான் ஆஃப் பண்ணின செட்டிங்கை மறுபடி ஆன் பண்ண வேண்டும்.

அடுத்தது வாட்ஸ். வால்வு ஆம்ப் கொஞ்சம் திணறினாலும் இனிமையாகத்தான் திணறும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தாண்டினால் கரகரவென்று கிழியும். ஆகவே ட்ரான்சிஸ்டர் ஆம்ப் எடுத்தால் தேவைக்கு மேல் தாராளமாக வாட்ஸ் இருக்க வேண்டும், எப்போதும் பாதி வேகத்தில் ஓடுகிற மாதிரி.

எங்கள் கடையில் மண்டபங்களுக்கு வாடகைக்குப் போகும் ரேக் பவர் ஆம்ப் ஒன்று இருந்தது. ரெண்டு சேனல், சேனலுக்கு முந்நூறு வாட்ஸ். அழகே இல்லாத கறுப்புப் பெட்டி. முன்னால் ரெண்டு குமிழ், நாலு லைட். பாயிடம் கேட்டு எடுத்து, ஒரு மேடை ஸ்பீக்கரில் போட்டேன்.

அன்றைக்கு மில்லில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்த இளங்கோ ஒவ்வொரு ஸ்விட்சாக மிதித்துக்கொண்டே போனார். கண்ணாடி கண்ணாடியாக வந்தது. மரம் மரமாக வந்தது. வால்வு ஆம்பின் கத்தலும் அப்படியே வந்தது. ஹெட்ஃபோனில் கேட்டது கடை முழுக்க நின்றது. தெருவில் போன ரெண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர், இது ஆம்ப் மாதிரியே தெரியல. இல்லாத மாதிரி இருக்குது" என்றார் இளங்கோ.

எனக்கு வேண்டிய சர்டிஃபிகேட் அதுதான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ரெண்டு சேனலையும் சேர்த்து ஒரே பெரிய ஆம்பாக ஓட்டுகிற 'பிரிட்ஜ்' ஸ்விட்ச் பின்பக்கம் இருந்தது. முந்நூறு நல்லது என்றால் அதைவிடப் பெரிசு இன்னும் நல்லதுதானே என்று ஆசை. ஸ்விட்சைத் தள்ளினேன். கடையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தபோது பிரமாதமாக ஓடியது.

5. மேடை ஊமையானது

விழா அன்று மத்தியானம். மேடை ஸ்பீக்கர்கள் குழுவிடமே இருந்தன; கடலூரிலிருந்து பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் ஆம்பை வைத்துக் கொண்டுபோனோம். கண்டக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, உள்ள கருங்கல்லா?" என்றார்.

மேடையில் மாஸ்டர் வந்து, "இன்னொரு ஸ்பீக்கர் எம் பக்கமும் வைங்க மேடம். அவன் வாசிக்கிறது எனக்கும் கேக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. முதல் ஸ்பீக்கரின் பின்னாலிருந்தே ஒரு கேபிளை இழுத்து ரெண்டாவதைச் சேர்த்தேன். அவசரத்தில் கை தானாகச் செய்தது.

மெதுவாக வாசித்தபோது ஒன்றும் ஆகவில்லை. மாணவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். "முழுசா ஒரு தடவை பாத்துருவோம்" என்று மாஸ்டர் சொல்ல, இளங்கோ பெரிய கார்டு ஒன்றை இழுத்து அடித்தார். சட்டென்று கிடார் நின்றது. ஆம்பில் ப்ரொடெக்ஷன் லைட் சிவப்பாக எரிந்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி செத்தது.

விழா ஆரம்பிக்க இருபது நிமிஷம். மாஸ்டர் கீபோர்டில் கிடார் டோனைத் தேட ஆரம்பித்தார். இளங்கோ அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஆம்பின் மேல் கை வைத்தேன். சுட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிரிட்ஜில் போட்டால் இந்த ஆம்புக்குச் சேர்க்கிற ஸ்பீக்கர் எட்டு ஓம்ஸுக்குக் குறையக் கூடாது; ஓம்ஸ் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். நான் ரெண்டு எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரைச் சேர்த்து நாலாக்கி வைத்திருக்கிறேன். தாங்க முடியாமல் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பதினோரு வருஷ டெக்னீஷியன், முதல் வருஷப் பாடத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்.

"இளங்கோ, ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது" என்றேன். "சேனலுக்கு ஒரு ஸ்பீக்கரா பிரிக்கணும். மாடலர்லேருந்து இன்னொரு கேபிள் வேணும். இருக்கா?"

அவரிடம் ஒன்றுதான் இருந்தது. கடைக்குப் போய் வர நேரமில்லை. மாஸ்டர் கீபோர்டை விட்டு எழுந்தார். தன் பையைத் திறந்து ஒரு கேபிளை எடுத்து நீட்டினார்.

"எம் ஸ்பேர். போடுங்க."

ஆம்பை ஆஃப் பண்ணி, பிரிட்ஜ் ஸ்விட்சை ஸ்டீரியோவுக்குத் தள்ளினேன். மாடலரின் இடது அவுட் முதல் சேனலுக்கு, வலது அவுட் ரெண்டாவதுக்கு. ஸ்பீக்கரைத் தனித்தனியாகக் கொடுத்தேன். ஆன் பண்ணினேன்.

இளங்கோ தனி நோட் ஒன்றை அடித்தார். அது இடது பக்கம் பிறந்து, மேடையைக் கடந்து, வலது பக்கம் போய், மறுபடி இடது பக்கம் மெலிசாகத் திரும்பி வந்தது.

அவர் கிடாரைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அந்த மாடலர் இத்தனை நாளும் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சத்தம் செய்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் நாங்கள் ஒரு பக்கத்தைத்தான் கேட்டிருக்கிறோம். ஹெட்ஃபோனில் எனக்கு அவ்வளவு பிடித்ததற்கும் அதுதான் காரணம். அப்போது நான் கவனிக்கவில்லை. பெரிய கார்டை அடிக்கச் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஆம்பில் பச்சை லைட்டோடு சரி. பாதி வேகத்தில் நிம்மதியாக ஓடியது.

இருபது பாட்டு. இருபதும் இருபது மாதிரியே வந்தது. மரக் கிடார் பாட்டில் மாஸ்டர் கீபோர்டை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எட்டாவது பாட்டுக்கு எழுந்த மாணவர்கள் கடைசி வரைக்கும் உட்காரவில்லை. நான் மேடை ஓரத்தில் ஆம்புக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையறியாமல் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் மாஸ்டர் இளங்கோவின் தோளில் கை போட்டார். "அடுத்த மாசம் நெய்வேலில ஒண்ணு, மங்கலம்பேட்டையில ஒண்ணு. டேட்ட எழுதிக்க" என்றார். வேறு பாராட்டு எதுவும் சொல்லவில்லை. இளங்கோவுக்கு அது போதுமாக இருந்தது.

6. கற்றுக்கொண்டது

திங்கட்கிழமை பாயிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஆம்ப் கட்டானது என் தப்பால் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரி. இன்னொருத்தரு அதே தப்ப பண்ணாம இருக்க வழி பாரு" என்றார்.

அதற்குப் பிறகு மாடலர் வைத்திருப்பவர்கள் பண்ருட்டி, பாண்டிச்சேரி என்று பல ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ் என்றுதான். நான் பதில் சொல்வதற்கு முன் அவர்களை ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். அந்தப் பெட்டி ஏற்கெனவே என்னென்ன வேலையைச் செய்து முடித்துவிடுகிறது என்று பார்ப்பேன். மிச்சம் இருக்கிற வேலைக்குத்தான் ஆம்ப். என் காதுக்கு எது பிடிக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. வாசிக்கிறவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், முடிக்கிற வரைக்கும் காத்திருப்பேன்.

பாய் சொன்னபடி ஒரு வழியும் பார்த்தேன். கடையிலிருந்து வாடகைக்குப் போகும் ஒவ்வொரு பவர் ஆம்பின் பின்பக்கத்திலும், பிரிட்ஜ் ஸ்விட்சுக்கு மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டினேன். 'ரெண்டு ஸ்பீக்கர் போட்டால் இதைத் தொடாதே. நான் தொட்டுக் கெட்டேன். அமலா.'

எதற்கு உங்க பேர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். வெறும் எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். யார் கெட்டார்கள் என்று போட்டால் கட்டாயம் படிப்பார்கள். நான் வேலையை விட்டு வரும்வரை அந்தச் சீட்டு ஒட்டிய ஆம்ப் ஒன்றுகூட அந்தக் காரணத்துக்காக என் டேபிளுக்குத் திரும்பி வரவில்லை.