கப்பல் மேல்தளத்துக்கு வாங்கிய ஸ்வெட்டர்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு ஸ்வெட்டர் கிடந்தது. மாதுளைத் தோலின் நிறம், முன்னால் பெரிய பொத்தான்கள், இரண்டு பக்கமும் பை. நாமக்கல் வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். அது என்னுடையதும் அல்ல. என் உடம்புக்குப் பெரியது. போட்டுக்கொண்டால் விரல் நுனி வரை உள்ளே போய்விடும். அதனால் இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேலே மடித்துவிட்டுத்தான் போட்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்து அலசிக் காயப்போட்டு எத்தனையோ காலம் ஆகிறது. போன வாரம் எடுத்து உதறியபோது, மடித்த இடத்தில் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

அதை வாங்கியவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் கோழிப்பண்ணையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தோம். முட்டை பொறுக்கி வந்ததும் கீறல் விட்டதைத் தனியாக எடுத்துவிட்டு, நல்லதை அட்டையில் அடுக்க வேண்டும். அக்கா நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. ஒரே நேரத்தில் ஒரு அட்டை அடுக்கைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பார். நான் பாதியைத் தூக்கவே மூச்சு வாங்குவேன். "காத்தடிச்சா நீ போயிருவ சாமி, ஓரமா நில்லு" என்பார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. வீட்டில் எதுவும் கேட்க வேண்டுமென்றால் எனக்கும் சேர்த்து அவரே கேட்பார்.

இஸ்தான்புல் என்ற ஊரைக் கண்டுபிடித்ததும் அவர்தான். முட்டை அடுக்கும்போது கைப்பேசியை ஒரு அட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டு எதையாவது பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் அதில் கப்பல் ஒன்று போனது. அதன் மேல்தளத்தில் நின்று ஜனங்கள் எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறார்கள். வெள்ளைப் பறவைகள் கூட்டமாகக் கூடவே பறந்து வந்து கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகின்றன. அக்கா அடுக்குவதை நிறுத்திவிட்டார். "இங்க தீவனத்துல காக்கா வாய் வெக்குதுன்னு கல்லெடுத்து அடிச்சே நம்ம காலம் போச்சு. அங்க பாரு, காசு குடுத்து ரொட்டி வாங்கிப் போடறாங்க." அந்த ஊர் இரண்டு கண்டங்களில் இருக்கிறது, கப்பல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருகிறது என்று நான் படித்துச் சொன்னேன். "அப்ப நம்ம ஆத்துல பூலாம்பட்டியில படகேறி அக்கரை நெருஞ்சிப்பேட்டையில எறங்கறாப்பல" என்றார். பள்ளிவாசல் கோபுரங்கள், பூமிக்கு அடியில் தூண்கள் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டி, ஏறி நின்று ஊர் முழுவதையும் பார்க்கும் கல்கோபுரம் எல்லாம் அதற்கப்புறம் எங்களுக்குப் பழகிவிட்டன. எந்த இடத்தை எந்த நாளில் பார்ப்பது என்று முட்டை அடுக்கிக்கொண்டே பேசுவோம். முதல் நாள் காலை கப்பல் என்பதை மட்டும் அவர் மாற்ற விடமாட்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளிடம் இதைச் சொன்னவரும் அவர்தான். அவளுக்கு மார்ச் கடைசியில் விடுப்பு கிடைக்கும், எல்லோரும் போகலாம் என்றாள். அந்த வாரமே அக்கா சேலத்துக்குப் போய், குளிர்காலத்தில் ரோட்டோரம் கடை போடும் வடக்கத்திக்காரர்களிடம் இந்த ஸ்வெட்டரை வாங்கி வந்தார். கண்ணாடி முன்னால் புடவைக்கு மேலே போட்டுப் பார்த்துவிட்டு, "கப்பல்ல மேல நின்னா காத்து எச்சா இருக்குமாமா" என்றார். அது அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

எங்கள் பக்கத்து விருந்து முறையை இங்கே சொல்ல வேண்டும். பந்தியில் "போதுங்க" என்று ஒருவர் சொன்னால் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. இலையைக் கையால் மறைத்தாலும் ஒருமுறை கேட்போம், எழப் போனாலும் தோளை அழுத்தி உட்கார வைத்துக் கேட்போம். முதலில் சொல்லும் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. அதோடு விட்டுவிட்டால் விருந்துக்கு வந்தவர் பசியோடு போவார் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

டிக்கெட் போடப்போகும் நாளில் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், "எல்லாரும் ஒட்டுக்காப் போனா பண்ணையை யாரு பாக்கறது? வெயில் ஏறுற நேரம். கரண்டு போயி சித்த நேரம் காத்தாடி நின்னாலும் கோழி தாங்காது" என்றார். வேலைக்கு ஆள் இருந்தார்கள். இருந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் இல்லாமல் பண்ணையை விடுவதில்லை. பழனி, திருப்பதி, ஊட்டி என்று எங்கே போனாலும் எங்கள் இரண்டு பெண்களில் ஒருவர் தங்குவோம், பெரும்பாலும் அக்கா. ஆண்களில் ஒருவர் தங்கலாமே என்ற நினைப்பு அப்போது யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அக்காதான் சொன்னார்: "நான் இருந்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

மகள், "என்ன பெரீம்மா, நீங்கதான பாக்கணும்னீங்க" என்றாள். "போன்லயே அம்புட்டும் பாத்தாச்சு கண்ணு" என்று சிரித்தார். பிறகு ஒரு விநாடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறந்து, "இல்லீங்கக்கா, நீங்க போங்க" என்று ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும். ஆனால் அவர் போனால் நான் தங்க வேண்டும். அந்தக் கணக்கு என் மனதில் ஓடியது. ஊர் முழுக்க இலை போட்டு மூன்று முறை கேட்கிற நான், அவருடைய முதல் 'வேண்டாம்' என்பதையே கடைசி என்று எடுத்துக்கொண்டேன். பேச வராத குணத்தை அதற்குக் காரணமாகச் சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்குப் பேசாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

கிளம்புகிற அன்று அவரே ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தார். "தொளதொளன்னு இருக்கும். கையை மடிச்சு உட்டுக்க."

முதல் நாள் காலை, நாங்கள் பேசி வைத்திருந்தபடியே, கப்பலில் மேல்தளத்துக்கு ஏறினோம். காற்று அக்கா சொன்னதைவிட அதிகம். மகள் வீடியோவில் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவர் கோழிக் கொட்டகைக்குள் நின்றார், நெற்றியெல்லாம் வேர்வை. "எங்க சாமி வெள்ளைக் காக்கா? சித்த அந்தப் பக்கம் திருப்பு." நான் திருப்பினேன். அதற்குள் அங்கே காத்தாடிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. "கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டர் போடோணும், வெச்சர்றேன்." திரை கறுத்துவிட்டது. என் கையில் பிய்த்த ரொட்டி இருந்தது. ஒரு பறவை வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. அதன் அலகு என் விரலில் பட்டது.

திரும்பி வந்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். "கையிலயே வந்து வாங்குச்சா?" நான், "இல்லீங்கக்கா, தூரத்துலதான் பறந்துச்சு. குளிரு, ஒண்ணும் பெருசா இல்லீங்க" என்றேன். பார்த்ததையெல்லாம் சின்னதாக்கிச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நினைப்பு. மகள் எடுத்த வீடியோவை அவர் பார்ப்பார் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் முட்டை அடுக்கும்போது அதை ஓடவிட்டுப் பார்த்தவர், "அழகா வாங்குது பாரு. இதை எதுக்கு சாமி இல்லைன்ன?" என்றார். கோபம் எதுவும் இல்லை. ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வெச்சுக்க, எனக்கெதுக்கு" என்றுவிட்டார். அப்போதும் நான் இரண்டாம் முறை நீட்டவில்லை.

அதற்கப்புறம் சில வருடங்களில் அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சர்க்கரையும் சேர்ந்து உடம்பு பாதியானது. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்துதான் முட்டை பிரிக்கிறார். அட்டைகளை நான் தூக்குகிறேன். இந்த வருடம் மகள் மறுபடி விடுப்பு என்று சொன்னதும், யாரும் வாய் திறப்பதற்கு முன் நான் சொன்னேன்: "அக்காளைக் கூட்டிட்டுப் போ. பண்ணையில நான் இருந்துக்கறேன்." கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியதை மாமா ஆச்சரியமாகப் பார்த்தார்.

அக்கா விடவில்லை. மாமாவைக் காட்டி, "நீயும் வா. இவரு இருந்து பாக்கட்டும்." வேண்டாம் என்றேன். சாயங்காலம் பண்ணையில் மறுபடி, "நீ இல்லாம அந்த ஊர்ல எனக்கு என்ன தெரியும்? கெளம்பு சாமி" என்றார். படுக்கப் போகும் முன் மூன்றாவது முறையும் வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் குரலில் நிஜமாகவே நான் வர வேண்டும் என்ற ஆசை இருந்தது. மூன்று முறையும் மறுத்தேன். நான் ஒருமுறைகூடக் கேட்காததை அவர் நினைத்துப் பார்க்கிறாரா என்று முகத்தில் தேடினேன். அப்படி எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது தினமும் மகள் போனில் பயணத்தை ஒழுங்கு செய்கிறாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "கல்கோபுரம் வேண்டாம் பெரீம்மா, உள்ள படி இருக்கு." சரி. "தண்ணித் தொட்டிக்கும் எறங்கணும்." சரி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போன வாரம் பேச்சு கப்பலுக்கு வந்தபோது மட்டும், "மேல ஏற முடியாதா?" என்று கேட்டார். ஏணிப்படி செங்குத்தாக இருக்கும், கீழேயே ஜன்னல் ஓரம் உட்காரலாம் என்றாள் மகள். "சரி, கீழயும் தண்ணி தெரியுமல்ல" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அந்தப் படியில் அவர் எனக்கு முன்னால் ஏறியிருப்பார், எனக்குக் கையும் கொடுத்திருப்பார். இந்தப் பயணத்தில் நான் விட்டுக்கொடுத்தது, அவர் அன்றைக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடே ஆகாது.

உள்ளே போனவள் ஸ்வெட்டரை எடுத்து வந்து கொடுத்தேன். "வேண்டாம் சாமி, உனக்குக் குடுத்தது" என்றார். "போட்டுப் பாருங்கக்கா" என்றேன். மறுபடி வேண்டாம் என்றார். நானே பொத்தானைக் கழற்றி அவர் தோளில் போட்டு, கைகளை நுழைத்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்றார். தோளில் நிற்காமல் சரிந்தது. கை நீண்டு விரல்கள் மறைந்துவிட்டன. அவர் குனிந்து, என் பழைய கோடு இருந்த இடத்தில் பார்த்து, இரண்டு கைகளையும் மடித்துவிட்டுக்கொண்டார்.