காயாத பலகைகள்

கோபக்காரனுக்கு மரம் வளைக்கிற வேலை ஆகாது. எனக்கோ மூக்கு மேல் கோபம். பதினோரு பலகைகளை உடைத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. பலகை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். விரல் அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், தீக்குச்சியின் கனம். அவ்வளவுதான். அதை ஒரு பொம்மைக் கப்பலின் வயிற்றோடு ஒட்டினாற்போல் வளைத்து நிறுத்த வேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருடம், மழை தொடங்குகிற சமயம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று வெளியூரில் சொன்னால் ஆட்கள் நம்மை ஒரு மாதிரி பார்த்த வருடம் அது. சுங்குவார்சத்திரத்தில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிராக இரண்டு போர்ஷன். ஒன்றில் அண்ணி. இன்னொன்றில் நான். அண்ணன் சரக்குக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலைக்குப் போயிருந்தான். கல்யாணமான இரண்டு வருடத்தில் அவன் வீட்டில் இருந்தது ஐந்தே மாதம். அண்ணிக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொண்டேன், எனக்குச் சாப்பாடு அண்ணி போட்டார். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசினார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாத ஒரே விஷயம் என் வாழ்க்கையில் அதுதான்.

அண்ணனிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. எங்கள் காம்பவுண்டுக்குக் கதவிலக்கம் கிடையாது என்பதால் என் ஃபேக்டரி விலாசத்தைத்தான் அவன் எல்லா இடத்திலும் கொடுத்திருந்தான். அதனால் நான் முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்து சைக்கிளை நிறுத்தினதும் அண்ணி வாசலுக்கு வந்து கேட்பார்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"

"வரல அண்ணி."

பிறகுதான் சோறு. இது தினமும் நடந்தது.

ஒரு நாள் அண்ணி, மாதாவுக்குப் பொருத்தனை வைத்திருப்பதாகச் சொன்னார். கடலோரத்து மாதா கோயில் ஒன்றில் சின்ன வயதில் மரக் கப்பல்களைப் பார்த்திருக்கிறாராம். கடலுக்குப் போனவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீட்டிலிருப்பவர்கள் செய்து வைப்பது. எங்கள் மாதா கோயில் திருநாள் டிசம்பர் முதல் வாரத்தில். அன்றைக்குக் கப்பலைக் கையில் ஏந்தி சப்பரத்துக்குப் பின்னால் நடந்து பீடத்தில் வைக்க வேண்டும். செய்ய வேண்டியது நான்.

"அண்ணன் போயிருக்கிற கப்பல் இரும்பு அண்ணி. அதுக்கு எண்ணெய் டின்ன வெட்டி ஒட்டிக் குடுத்தாப் போதும்."

"இரும்பு தண்ணில மெதக்கும்னே எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. நீங்க மரத்துலயே செய்ங்க. ஒவ்வொரு பலகையா வச்சு செய்ங்க."

எனக்கு இந்தப் பொருத்தனையிலெல்லாம் பெரிய பிடிப்பு இல்லை. அண்ணன் மேல் கோபம் வேறு. வீட்டையும் பெண்டாட்டியையும் என் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றுகிறான் என்ற கோபம். கடைசியாக அவனை பஸ் ஏற்றிவிட்ட அன்று டீக்கடை வாசலில் வாய்க்கு வாய் பேசி, "போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனான்.

ஒரகடம் போகிற வழியில் ஒரு வார்ப்பட ஆலையில் நான் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தேன். இரும்பை உருக்கி ஊற்றும் முன்பு அந்த உருப்படியை அச்சு அசலாக மரத்தில் செய்து கொடுப்போம். அதை மணலில் பதித்து எடுத்தால் குழி கிடைக்கும், குழியில் இரும்பை ஊற்றுவார்கள். எங்கள் தொழிலில் வளைவு வேண்டுமென்றால் செதுக்கித்தான் எடுப்போம். யாரும் மரத்தை வளைப்பதில்லை. ஈரம் எங்களுக்குப் பரம எதிரி. மரத்தில் ஈரம் இருந்தால் அளவு ஓடிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்தே இந்த மரம் காய்ந்ததா காயாததா என்று சொல்லிவிடுவேன். ஷாப்பில் மற்றவர்கள் மரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கினேன். கணுவில்லாத இடமாகப் பார்த்து மெல்லிசாக அறுத்தேன். நடுக்கட்டையும் விலாச் சட்டங்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தன. அது எனக்குப் பழகின செதுக்கு வேலை. அதற்குப் பிறகு பலகை வைக்க வேண்டும். முதல் பலகையை முன்பக்கம் அழுத்தினேன், பட்டென்று போனது. ஒவ்வொன்றாக உடைந்தது. பதினோராவது உடைந்ததும் மிச்சத்தைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அண்ணி போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"இடியாப்பம் பிழியறதுக்கு மாவுல சுடுதண்ணி ஊத்துறோம்ல, அது மாதிரி இதுக்கும் எதுனா பண்ணணுமோ?" என்றார்.

எனக்குத் தோன்றாதது அது. ஈரத்தை எதிரியாகவே பார்த்தவனுக்கு எப்படித் தோன்றும்? ஒரு முனை அடைத்த குழாய்த் துண்டில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் சாய்த்து வைத்தோம். கொதிக்கும் தண்ணீரில் பலகை அரை மணி நேரம் கிடந்தது. வெளியே எடுத்துச் சூடு ஆறுவதற்குள் விலாச் சட்டங்களின் மேல் வைத்து மெல்ல, மிக மெல்ல, முன்னாலிருந்து பின்னால் அழுத்திக்கொண்டே போனேன். வளைந்தது. அண்ணி துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினார். வீட்டில் இருந்த கிளிப் எல்லாம் கப்பலுக்கே போனதால் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் துணிகள் பக்கத்துக் காம்பவுண்டு வேலியில்தான் கிடந்தன.

வளைத்த பலகை அப்படியே நின்று காய வேண்டும். காயும் முன் கிளிப்பை எடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். ஈரத்தோடு ஒட்டினாலோ பின்னால் சுருங்கிப் பசை விட்டுப்போகும். ஒரு பக்கத்துக்குப் பதினான்கு பலகை. நாளைக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்தேன். என் போர்ஷன் ஒழுகும் என்பதால் கப்பல் அண்ணி வீட்டுக் கூடத்தில் ஜன்னலடியில் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார்.

நாலாவது ஜோடி ஏறிய மறுநாள் ஃபேக்டரிக்குக் கடிதம் வந்தது. அண்ணன் எழுத்தல்ல. பம்பாயிலிருந்து கப்பல் ஏஜெண்ட் இங்கிலீஷில் தட்டச்சு செய்து அனுப்பியது. ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகத்துக்குப் போகிற வழியில், காலையில் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது அண்ணன் இல்லை. கப்பல் திரும்பிப் போய் ஒரு பகல் முழுக்கத் தேடியது. கிடைக்கவில்லை. அவனுடைய பெட்டியை அனுப்பிவைப்பதாகக் கடைசி வரி.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மணல் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்து, "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். நான் சொன்ன வார்த்தைதான் அவனைக் கொண்டுபோய்விட்டது என்று தோன்றியது. அப்படியில்லை என்று அறிவு சொன்னாலும் அப்படித்தான் தோன்றியது.

அன்றே சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலுக்கு வந்தார். கையெல்லாம் மரத்தூள்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"

"வரல அண்ணி," என்றேன். ஏழு மாதமாகச் சொல்லிப் பழகின வாய், அதுவாகச் சொல்லிவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் அதே கேள்வி, அதே பதில். பிறகு எனக்கு நானே ஒரு வாய்தா போட்டுக்கொண்டேன். கப்பல் முடியட்டும், பீடத்தில் வைக்கட்டும், அதற்கு மறுநாள் சொல்லிவிடலாம். கடிதத்தை என் கருவிப் பெட்டியில் உப்புத்தாள் கட்டுக்கு அடியில் வைத்தேன்.

முடிந்தால் சொல்ல வேண்டும் என்று ஆனதும் எனக்கு முடிக்கப் பிடிக்கவில்லை. நன்றாக வளைந்த பலகையையும் முறுக்கிக்கொண்டது, கீறல் இருக்கிறது என்று கழித்துப்போட்டேன். பத்து நாள் அப்படி ஓட்டினேன். அண்ணி, "நல்லாத்தானே கீது தம்பி?" என்று மட்டும் கேட்பார். அப்புறம் எனக்கே கேவலமாக இருந்தது. ஒரு பெண்ணைக் கும்மிருட்டில் உட்காரவைத்துவிட்டு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இனி நாள் தவறாமல் ஒரு ஜோடி என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் பலகைகள் காயாமல் போயின.

இரண்டரை மணிக்கு வந்து புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் ஜில்லென்று இருக்கும். மழை என்று நினைத்தேன். மழை விட்டு மூன்று நாள் வெயிலடித்தது, அப்போதும் அப்படியே. பெட்டி மரம் பச்சையாகவே அறுத்த மரம், உள்ளே இன்னும் சாறு இருக்கிறது என்று முடிவு கட்டினேன். வேறு பெட்டியிலிருந்து பலகை கொண்டுவந்தேன். அதுவும் காயவில்லை. மேலே அறுபது வாட் பல்பு தொங்கவிட்டேன். கப்பலை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினேன். கடல் தண்ணீர் பட்ட பெட்டியாக இருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கிறது என்றுகூட ஒரு நாள் அண்ணிக்குப் பாடம் நடத்தினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு ஜோடிக்கு நாலு நாள், ஐந்து நாள் ஆனது. மரத்தின் குற்றம் எல்லாவற்றையும் யோசித்தேன். மரம் தெரிந்தவனுக்கு மரம்தான் தெரியும்.

திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில், காலை பத்தரைக்கு ஃபேக்டரியில் கரண்ட் போனது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, இன்றைக்கு வராது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். பதினொன்றேகாலுக்கு வீடு வந்தேன். நல்ல வெயில். அண்ணி வீட்டுக் கதவு திறந்திருந்தது.

அண்ணி கப்பலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கையில் பழைய சேலைத் துண்டு. அதை நனைத்துப் பிழிந்து, கிளிப்புகளின் இடையே விட்டு, ஒவ்வொரு பலகையாக முன்னாலிருந்து பின்னால் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரருக்கு உடம்பு துடைத்துவிடுகிற மாதிரி. என்னைப் பார்த்தும் பதறவில்லை. அந்தப் பலகையை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"இன்னா அண்ணி பண்றீங்க?" என்று கத்தினேன். "இத்தன நாளா மரத்தத் திட்டிக்கினு இருக்கேன். திருநாளுக்கு ஒம்பது நாள்தான் கீது!"

"மரத்த ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. அது நல்ல மரம்தான்."

துணியைக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டார். பிறகு, "உப்புத்தாள் தீந்துபோச்சுன்னு ஒரு நாள் உங்க பொட்டியத் தொறந்தேன்," என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அந்த இங்கிலீஷு எனக்கு முழுசாப் புரியல. அவரு பேரு இருந்துச்சு. மிஸ்ஸிங்னு போட்டிருந்துச்சு. ரெண்டு தரம் படிச்சேன். மடிச்சு இருந்த மாதிரியே வச்சுட்டேன்."

"எப்போ?"

"நீங்க நல்ல பலகைங்களக் கழிச்சுப் போட்டுக்கினு இருந்தீங்களே, அப்போ."

"அப்புறமும் தினம் லெட்டர் வந்துச்சான்னு கேட்டீங்களே அண்ணி!"

"கேட்டேன். நீங்க வரலன்னு சொன்னீங்க. ஒவ்வொரு வாட்டி நீங்க சொல்லும்போதும், நான் படிச்சதுதான் தப்பு, என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் அவ்ளோதான்னு நெனச்சுக்கினேன். அன்னிக்குப் பொழுது போயிடும்." துணியைக் கிண்ணத்தில் முக்கி எடுத்தார். "கப்பல் முடிஞ்சா நீங்க சொல்லிப்புடுவீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதான்."

எனக்கு அழுகை வந்தது. கோபக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இத்தனை நாளும் ஒரு பொய்யைச் சொல்லி அவரை ஏமாற்றுவதாக நினைத்து நான் கூசிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைத்தான் அவர் தினமும் வாசலில் நின்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.

அண்ணி துணியை நன்றாகப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். எழுந்து போய், இரண்டரை மணிக்கு நிற்கிற மாதிரியே வாசல் நிலையில் கை வைத்து நின்றார்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"

வரல அண்ணி என்று இன்னொரு நாளும் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். அதைக் கேட்பதற்காக அவர் நிற்கவில்லை என்று தெரிந்தது.

"வந்துச்சு அண்ணி," என்றேன்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். குன்றத்தூரிலிருந்து அண்ணியின் வீட்டார் சாயங்காலம் வந்தார்கள். நான் கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். திருநாளுக்கு நாங்கள் போகவில்லை.

ஜன்னலடியில் கப்பல் அப்படியே இருந்தது. பதினோராவது ஜோடிப் பலகைகளும் கிளிப்புகளும் அதன் மேல் இருந்தன. யாரும் தொடவில்லை. இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பலகைகள் காய்ந்திருந்தன.