அத்தை ஏறிய படகு

மழை விட்ட மாலையில், அல்சூர் ஏரியோரம் டிராஃபிக்கில் ஆட்டோ நின்றபோது பாசி வாடை குப்பென்று வந்தது. சட்டென எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அந்த வருடம்தான் கணவரை இழந்த அத்தை, குடியாத்தத்திலிருந்து ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று மாதமாக வாசலைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரை வற்புறுத்தி ஏரிக்கு அழைத்து வந்தார். படகுத்துறையில் அத்தை நின்றுவிட்டார்.

“வேணாம்டா தம்பி. புருஷன் போயி ஆறு மாசம் ஆவல, போட்ல சுத்துறா பாருன்னு பேசுவாங்க.”

“இந்த ஊர்ல நம்மள யாருக்குக்கா தெரியும்? ஏறு.”

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார். படகு ஆடியதும் அலறினார். நடுவிலிருந்த தீவை நெருங்கியபோது தண்ணீரை அள்ளி என் முகத்தில் தெளித்துவிட்டுச் சிரித்தார். அப்பா கரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இறங்கியதும் அத்தை மெதுவாகக் கேட்டார்.

“இன்னொரு ரவுண்டு போலாமாடா?”

அதன்பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, அங்கேயே வீடு பிடித்துத் தனியாக வாழ்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். நான் போய்ப் பார்த்துதான் மாதக்கணக்காகிறது.

டிராஃபிக் நகர்ந்தது.

“அண்ணா, வீட்டுக்கு வேணாம். பொம்மனஹள்ளிக்கு விடுங்க” என்றேன்.