பச்சை வெல்வெற் செற்றி

துறைமுக டவுனின் ஓர்ஸ் ஹில்லில் நான் தங்கியிருந்த வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. அவர் கொழும்பில் மகளிடம் போயிருந்தார். வெறும் வீடென்றால் ஆமி எடுத்துவிடும் என்பதால், விளக்கு எரிய ஓர் ஆள் வேண்டுமென்று என்னை வைத்தார். வாடகை இல்லை. முன்மண்டபத்துப் பச்சை வெல்வெற் செற்றியில், அந்த நீள மெத்தை இருக்கையில், யாரும் இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எங்கள் ஊரான இலங்கைத்துறைக்குப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம். அந்த அறை இல்லையென்றால் எனக்கு உயர்தரச் சோதினை இல்லை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் காலை அப்பா வந்தார். மூதூர் வரை ட்ரக்டரில், பிறகு கடலைக் கடந்து லோஞ்சில். குசினிப் பக்கம் போகப் பார்த்தவரை நான்தான் தோளில் பிடித்துச் செற்றியில் இருத்தினேன்.

"வேண்டாம் மனே, சாரமெல்லாம் உப்பு."

"இருங்கப்பா. ஆரும் பாக்கயில்ல."

அரை மணித்தியாலம் இருந்தார். துறைமுகப் பக்கம் இரண்டு முறை வெடிச்சத்தம் கேட்டது. எழும்பும்போதுதான் நினைவு வந்து மடியை அவிழ்த்தார். நாவற்பழம். பையில் கொண்டுவந்தால் சென்றியில் ஆமிக்காரர் கொட்டிக் கிளறுவார்கள் என்று, உடுத்த சாரத்தில் இடுப்போரமாக முடிந்து வந்திருக்கிறார். பாதி நசிந்துவிட்டது. மீதியை என் கையில் தந்துவிட்டு லோஞ்சுக்குப் போனார். பிறகுதான் பார்த்தேன். சாறு சாரத்தின் வழியே இறங்கி, செற்றியில் உள்ளங்கை அளவுக்கு ஊதா.

சவர்க்காரம் போட்டேன். ஊதா நீலமானது. தேசிக்காய் பிழிந்தேன். சிவப்பானது. ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் செய்கிற வேலையைச் செற்றி செய்தது. அமிலம், காரம்: எனக்குத் தெரிந்த பாடம். நடுநிலைக்குக் கொண்டுவந்தால் நிறம் போய்விடும் என்று நம்பி, அப்பச்சோடாவும் தேசிக்காயுமாக இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்தேன். நிறம் மாறியதே தவிரப் போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கார ரீச்சரின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறாராம். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன். கறை போனது. பச்சையும் போனது.

மெத்தையைக் கழற்றி உரப்பையில் சுற்றி, டவுனில் குஷன் அடிக்கும் முஸ்லிம் பெரியவரிடம் கொண்டுபோனேன். எல்லோருக்கும் அவர் நானா. அவர் முதலில் மோந்து பார்த்தார்.

"என்னத்தையெல்லாம் போட்டீங்க தம்பி?"

சொன்னேன்.

"படிக்கிற பிள்ளையோ?"

"ஓம்."

"அதான். படிக்காதவன் எண்டா முதல் நாளே கொண்டந்திருப்பான்." விரலால் தடவினார். வெல்வெற்றின் மயிர் தூளாகக் கையோடு வந்தது. "ஈரத்துணியால ஒத்தி எடுத்துப்போட்டு இஞ்ச வந்திருக்கோணும். கறையெண்டா நான் பாத்திருப்பன். இது வெந்து போச்சு. இனிக் கை வைக்காதீங்க."

"வேற துணி போட ஏலாதா, நானா?"

"இந்தப் பச்சை ஆரிட்ட இருக்கு? சண்டை துவங்கினதுக்குப் பிறகு நான் கண்ணாலயும் காணயில்ல."

வெள்ளிக்கிழமை ரீச்சர் வந்தார். மெத்தையைத் திருப்பிப் போடவோ மேலே ஒரு துணியை விரிக்கவோ எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் இதில இருந்தது?"

"அப்பா, ரீச்சர். நான்தான் இருத்தினனான்."

"சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"ஓம், ரீச்சர்."

"சோதினை எப்ப?"

"ஆவணியில."

"அதுவரைக்கும் இரும். இனி வீட்டுக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது. விளங்கினதோ?"

தலையாட்டினேன். அறைக்குப் போய் இரசாயனவியல் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டேன். சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை.

அடுத்த முறை அப்பா வந்தபோது கேற்றைத் திறக்காமல், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கதைத்தேன்.

"லோஞ்சுக்கு நேரமாச்சு மனே" என்றார்.

லோஞ்சுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.