படையல் மேசையில் வைத்த துப்பாக்கி

அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் இருந்தது நான், காவல்காரர் சங்கரண்ணாச்சி, பொறுப்பாளர் கீதா மேடம், மூன்றே பேர். ஆயுத பூசை விடுமுறை, வெளியாள் யாரும் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான், பயத்தில்தான், நம்பிக்கையில் இல்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

குற்றாலத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை எனக்கு. மாடியில் ஐம்பொன் சிலைகள் இருப்பதால், பட்டாளத்திலிருந்து வந்த அண்ணாச்சி லைசென்ஸ் துப்பாக்கியோடு காவல். கீழே, ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறிப்போய்க் குடியேறிய துகோபார் என்கிற சனங்களைப் பற்றிக் கண்காட்சி. முக்காடு போட்ட பெண்கள் நிற்கிற பெரிய படம், அதன் முன்னால் மேசையில் ரொட்டி, உப்பு, கூஜாவில் தண்ணீர்.

துப்பாக்கிக்குப் பூசை போட அண்ணாச்சி இடம் தேடினார்.

"இங்கன வையுங்க அண்ணாச்சி, படையல் மாதிரியே இருக்கு" என்றேன். சுவரில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. எட்டாவதோடு நின்றவள், நீளமாக இருந்தால் கண் ஓடாது.

"ஏட்டி, வெள்ளக்காரி கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"அவளுக்கும் சுண்டல் குடுத்துருவோம்."

சிரித்துக்கொண்டே துப்பாக்கியை ரொட்டி பக்கத்தில் கிடத்தி, சந்தனம், குங்குமம் வைத்தார். சூடம் ஏற்றவில்லை, மேடம் திட்டுவார் என்று நான்தான் தடுத்தேன், சத்தியமாக. கதவைச் சாத்தி வாசலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

துப்பாக்கியை எடுத்தவர் அலறிக் கீழே போட்டார். அதன் குழல், அடுப்பிலிருந்து எடுத்த இரும்பாகக் கொதித்தது, உள்ளங்கை வெந்துவிட்டது. குங்குமம் கரிந்திருந்தது. மேசைத்துணி சில்லென்று இருந்தது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மேடம் ஓடி வந்தார். "இவங்க சண்டையே வேண்டாம்னு துப்பாக்கியெல்லாம் குவிச்சு எரிச்சவங்க. அதுக்கு அடி வாங்கி நாட்டை விட்டே போனவங்க. அவங்க முன்னாடியா இதை வச்சீங்க? தீ வேற மூட்டினீங்களா? யார் யோசனை?"

என்னைத்தான் பார்த்தார். வேலை போய்விடுமே என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் மேடம். தீயெல்லாம் வைக்கல" என்றார் அண்ணாச்சி. மேடம் நம்பவில்லை. அன்றோடு அவர் வேலை போயிற்று.

இப்போதும் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "நல்லாருக்கியா ஏட்டி, சாப்டியா?" என்று அந்தக் கையைத் தூக்குகிறார். அதில் ஒரு தழும்புகூட இல்லை. துப்பாக்கியைத் தொடாத என் உள்ளங்கைதான் அவரைக் கண்டதும் காந்துகிறது. உங்களுக்கும் இப்படிக் காந்துமா என்று அவரிடம் ஒருநாள் கேட்டுவிடலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், அன்றைக்கு மேடத்திடம் சொல்லாததை இவரிடம் சொல்ல வேண்டிவரும்.