விரலால் தள்ளிப் படம் பார்க்கிறவள்

"தம்பி, பிள்ளையப் பிடிங்க. படத்தத் தேய்க்கா பாருங்க."

மியூசியத்தில் காவலுக்கு இருக்கிற அக்கா சத்தம் போட்டபோது நான் குடையைத்தான் மடக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை பார்க்கிற வேலையில் குடை மடக்கக்கூட நேரம் கிடையாது. செய்தவர்களுக்குத் தெரியும். "வீட்லதான சும்மா இருக்கான்" என்று ஒருத்தர் சொன்னால் போதும், பிள்ளை நம் இடுப்புக்கு வந்துவிடும். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு இதுதான் உத்தியோகம்.

பிள்ளை, என் கூடப்பிறந்த அக்கா மகள் சஃபா. மூன்று வயசு. அவள் பால்குடியாக இருக்கும்போது சவுதிக்குப் போன அவள் வாப்பா, என் மச்சான், அன்றைக்குத்தான் திரும்பி வருகிறார். தென்காசி வீட்டில் நெய்ச்சோறு வேலை. காலுக்குள் நிற்கிறாள் என்று எங்களைக் குற்றாலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. மழைக்கு ஒதுங்க மியூசியம்தான் இருந்தது. அக்கா கடைசியாகச் சொன்னது இது: "வாப்பாவக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கிடணும்னு சொல்லிக் குடுலே. அழுதான்னா அவுக மனசு விட்டுரும்."

தலைப்பாகைக்காரர்

சஃபா தேய்த்தது தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய மனுஷர் படத்தை. விரலால் இடதுபக்கம் தள்ளினாள். அடுத்த படம் வரவில்லை. இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்தாள். அவர் மூஞ்சி பெரிதாகவில்லை. அவளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் வருகிற ஆள்தான், பாதிப் பேச்சில் அப்படியே உறைந்தும் போவார். அதனால் இவரிடமும் "ஹலோ, கேக்குதா?" என்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, இங்கன டவர் இல்ல."

கல் ஆள்

அடுத்த அறையில் கதாயுதத்தை ஊன்றி, கோரைப்பல் தெரிய ஒரு கல் ஆள். பார்த்ததும் என் காலுக்குப் பின்னால் போய் பேண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுமை கிடையாது. பயத்தைப் போக்குகிறேன் என்று தூக்கி அந்தப் பல்லுக்கு நேராகக் காட்டினேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு அலறல். வாசுதேவநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி திரும்பினார். "தம்பி, பிள்ளையக் கொல்லுதியளா? சத்தம் பூரா இதுல விழுது."

வெறுத்துப்போய் இறக்கி விட்டுவிட்டு, போனைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்தேன். உண்மையிலேயே டவர் இல்லை. நிமிர்ந்தால், சஃபா கல் ஆளின் பாதத்துக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. காவல்கார அக்கா வந்து நின்றாள். "கால மட்டும் தொட்டுக்கோ பாப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

வாசல்

நாங்கள் வீடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. போனில் இருந்ததைவிட மச்சான் குண்டு, தாடி வேறு. இரண்டு கையையும் நீட்டினார். "சஃபாம்மா, வாப்பாடா." தெருவே பார்க்கிறது. அவள் என் காலுக்குப் பின்னால், பேண்டில் அதே இடத்தில். மச்சான் கை இறங்கவில்லை, சிரிப்புதான் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அழுகை முட்டிவிட்டது. "ஏலே, மரம் மாதிரி நிக்கியே, தூக்கி அவுக கைல குடுலே."

சஃபா ஒற்றைக் கண்ணால் மச்சானின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மறுபடி மறுபடி சொல்லியும் நான் தூக்கிக் கொடுக்கவில்லை, அவள் பிடித்திருந்த என் காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தேன்.